இரத்தத்தின் வழியறிந்த மேதை இப்னு நஃபீஸ் (ரஹ்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே.

பொன்விழா காணும் நம் சங்கத்தின் இம்மலரில், சங்கத்தைத் தோற்றுவித்து வளர்த்த பெரியவர்களின் வரலாறுகள் இடம்பெறுகின்றன. அவர்களோடு சேர்த்து, ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் வஃபாத்தான ஒரு பெரியவரையும் நம் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம்.

கொரோனா காலத்தில் நம்மில் பலர் ஒரு சிறு கருவியை வாங்கி வீட்டில் வைத்திருந்தோம். விரல் நுனியில் மாட்டினால் 97, 98 என்று ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண் இறங்கிவிடக் கூடாதே என்று நள்ளிரவில் துஆ கேட்டபடி, நோயாளியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் தன் முழுக் கொள்ளளவில் நூற்றுக்கு எவ்வளவு உயிர்வளியைச் சுமந்து வருகிறது என்பதையே அந்த எண் காட்டுகிறது. நுரையீரல் பழுதானால் எண் இறங்கும். ஏனென்றால் இரத்தம் காற்றைச் சந்திக்கும் இடம் நுரையீரல்தான்.

இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி இது. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பெரிய மருத்துவர்களே இதைத் தவறாக எண்ணியிருந்தார்கள். அந்தத் தவறைச் சுட்டிக்காட்டி, இரத்தம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு கலந்து, இடப்பக்கத்திற்கு வருகிறது என்று எழுதியவர்களில், நமக்குக் கிடைத்துள்ள நூல்களின்படி முதலாமவர் இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்கள். அவர்கள் மருத்துவர் மட்டுமல்ல, மதரஸாவில் மார்க்கச் சட்டம் கற்பித்த ஆலிமும் ஆவார்கள்.

பிறப்பும் கல்வியும்

அவர்களின் பெயர் அலாவுத்தீன் அபுல் ஹசன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல் குறஷீ. இப்னு நஃபீஸ் என்பது வழங்குபெயர். ஹிஜ்ரி 607 வாக்கில், அதாவது கி.பி. 1210ஐ ஒட்டி, சிரியாவின் டமாஸ்கஸ் பகுதியில் பிறந்தார்கள். சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி மறைந்து இருபது ஆண்டுகள்கூட ஆகாத நேரம். மேற்கிலிருந்து வந்த சிலுவைப் போர்கள் ஓயவில்லை. கிழக்கே மங்கோலியப் படை எழுந்துகொண்டிருந்தது. 1258இல் பக்தாத் அழிந்தபோது இப்னு நஃபீஸ் அவர்கள் நடுவயதில் இருந்தார்கள். அமைதியான காலத்தில், வசதியான சூழலில் பிறந்த கல்வி அல்ல அவர்களுடையது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

டமாஸ்கஸில் சுல்தான் நூருத்தீன் ஸங்கி 12ஆம் நூற்றாண்டில் கட்டிய நூரி மருத்துவமனை இருந்தது. அக்காலத்தில் மருத்துவமனையை பீமாரிஸ்தான் என்பார்கள். நோயாளிக்குச் சிகிச்சையும் மாணவருக்குப் பாடமும் அங்கே ஒருங்கே நடந்தன. அங்கு புகழ்பெற்ற ஆசிரியரான அத்தக்வார் அவர்களிடம் இப்னு நஃபீஸ் மருத்துவம் கற்றார்கள். ஹதீஸ், ஃபிக்ஹு, இலக்கணம், தர்க்கம் ஆகிய கலைகளையும் கற்றுத் தேர்ந்தார்கள்.

கெய்ரோ வாழ்க்கை

1236ஆம் ஆண்டுவாக்கில் அவர்கள் எகிப்துக்குப் பெயர்ந்தார்கள். வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதும் கெய்ரோவில்தான் கழிந்தது. அங்கே மருத்துவமனையில் பணியாற்றினார்கள். எகிப்தின் தலைமை மருத்துவராக உயர்ந்தார்கள். சுல்தான் பைபர்ஸுக்கு மருத்துவம் பார்த்ததாகவும் வரலாற்றில் காண்கிறோம்.

அதே கெய்ரோவில் மஸ்ரூரிய்யா மதரஸாவில் அவர்கள் ஷாபிஈ ஃபிக்ஹு கற்பித்தார்கள். ஷாபிஈ மத்ஹபின் அறிஞர்களைத் தொகுத்து இமாம் சுப்கீ (ரஹ்) அவர்கள் எழுதிய பெருநூலில் இப்னு நஃபீஸ் அவர்களுக்கும் இடம் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் பின்பற்றியதும், நம் மலாய்ச் சகோதரர்கள் பின்பற்றுவதும் இதே மத்ஹபுதான். ஆகவே இவர்கள் நமக்குத் தூரத்து மனிதர் அல்லர்.

அவர்கள் எழுதும் முறையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் வியந்து சொல்கிறார்கள். நாணல் பேனாக்களைச் சீவித் தயாராக வைத்துவிடுவார்களாம். இப்னு நஃபீஸ் அவர்கள் சுவரைப் பார்த்து அமர்ந்து, எந்த நூலையும் புரட்டாமல் வெள்ளம்போல் எழுதிக்கொண்டே போவார்களாம். ஒரு பேனா மழுங்கினால் அதைச் சீவ நேரம் செலவிடாமல் அடுத்ததை எடுப்பார்களாம். ஒருமுறை பொதுக் குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் வெளியே வந்து, மையும் தாளும் கேட்டு வாங்கி, நாடித்துடிப்பைப் பற்றி ஒரு நூலை எழுதி முடித்துவிட்டு, மீண்டும் உள்ளே போய்க் குளியலைத் தொடர்ந்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

மருத்துவம் முழுவதையும் அடக்கும் அஷ்ஷாமில் என்ற பெருநூலை 300 பாகங்களாக எழுதத் திட்டமிட்டு, 80 பாகங்களை முடித்தார்கள். இப்னு சீனா அவர்களின் கானூன் நூலைச் சுருக்கி அவர்கள் எழுதிய மூஜஸ் என்னும் சிறுநூல் உலகெங்கும் பரவியது. இந்தியாவின் யூனானி மருத்துவர்கள் அதைப் பாடநூலாகக் கொண்டார்கள். 1828இல் கல்கத்தாவில் அது அச்சேறியது. ஆனால் அவர்களின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இருந்தது வேறொரு நூலில்.

இதயத்தின் சுவர்

இப்னு சீனா அவர்களின் கானூன் நூலில் உடலமைப்பைப் பற்றிய பகுதிகளுக்கு இப்னு நஃபீஸ் அவர்கள் ஒரு விரிவுரை எழுதினார்கள். ஹிஜ்ரி 640இல், அதாவது 1242இல் எழுதப்பட்ட அதன் பிரதி ஒன்று இன்றும் இருக்கிறது. அப்போது அவர்களுக்கு முப்பது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகியிருக்கலாம்.

அன்றைய மருத்துவ உலகம் யாரை நம்பியிருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் காலன், அரபியில் ஜாலீனூஸ். உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்குகிறது என்றும், வாய்க்கால் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்து வற்றுவதுபோல் அது உடலெங்கும் சென்று செலவாகிவிடுகிறது என்றும் அவர் சொன்னார். இதயத்தின் வல அறைக்கும் இட அறைக்கும் நடுவே உள்ள தடித்த சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதாகவும், அவற்றின் வழியே இரத்தத்தின் ஒரு பகுதி கசிந்து இட அறைக்குப் போவதாகவும் அவர் கருதினார். அதை ஆயிரம் ஆண்டுகளாக யாரும் மறுக்கவில்லை. மருத்துவப் பேரறிஞர் இப்னு சீனா அவர்களும் பெரும்பாலும் அந்த வழியிலேயே சென்றார்கள்.

இப்னு நஃபீஸ் அவர்கள் அந்த இடத்தில் நின்று யோசித்தார்கள். சுவர் தடிப்பானது, கெட்டியானது. அதில் வெளிப்படையான துளையும் இல்லை, மறைவான துளையும் இல்லை என்று எழுதினார்கள். அப்படியானால் வல அறையின் இரத்தம் இட அறைக்கு எந்த வழியாகப் போகும்? வல அறையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் குழாய் ஒன்று இருக்கிறது. இரத்தம் அதன் வழியே நுரையீரலுக்குள் போய்ப் பரவுகிறது. அங்கே காற்றோடு கலக்கிறது. பின்பு நுரையீரலிலிருந்து திரும்பும் குழாய் வழியாக இட அறைக்கு வந்து சேர்கிறது. இதுவே அவர்கள் கண்ட விடை.

அதோடு விட்டுவிடவில்லை. நுரையீரலுக்குப் போகும் குழாயின் சுவர் ஏன் தடிப்பாக இருக்கிறது, திரும்பும் குழாயின் சுவர் ஏன் மெல்லியதாக இருக்கிறது என்றும் கேட்டார்கள். தடித்த சுவர், மிக நுண்மையானது மட்டும் கசிந்து வெளியேறுவதற்கு. மெல்லிய சுவர், அப்படி வந்ததை எளிதில் உள்ளே வாங்கிக்கொள்வதற்கு என்று விளக்கினார்கள். ஆகவே அவ்விரு குழாய்களுக்கும் இடையில் நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். இதயத்துக்கு மூன்று அறைகள் என்று இப்னு சீனா அவர்கள் எழுதியிருந்ததை மறுத்து, இரண்டே அறைகள்தாம் என்றார்கள். இதயத்தின் தசைக்கு உணவு, அதன் அறையில் நிற்கும் இரத்தத்திலிருந்து கிடைப்பதில்லை, அதன் சதைக்குள் ஓடும் தனிக் குழாய்களிலிருந்தே கிடைக்கிறது என்றும் எழுதினார்கள். மாரடைப்பு என்றதும் நாம் இன்று பேசுவது அந்தக் குழாய்களைப் பற்றித்தான்.

உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து மார்க்கச் சட்டமும் தம் மனத்தின் இரக்கமும் தம்மைத் தடுத்ததாக அந்நூலின் முன்னுரையில் அவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஏதேனும் ஓர் இதயத்தை அவர்கள் நேரில் பார்த்தார்களா, முழுவதும் சிந்தனையாலேயே இந்த முடிவுக்கு வந்தார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அவர்கள் மறுத்த விதம். இப்னு சீனா அவர்களை இகழவில்லை. அவர்களின் நூலுக்கு வரிவரியாக விரிவுரை எழுதி, பின்னாளில் அதையே சுருக்கி மாணவர்களுக்குக் கொடுத்து, அந்த ஆசானின் கல்வியைப் பரப்பியவர்களே இவர்கள்தாம். ஆனால் பெரியவர் சொல்லிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக, இல்லாத துளையை இருப்பதாக எழுத அவர்கள் மனம் ஒப்பவில்லை.

அவர்களுக்குப் பின் தெளிந்தவை

இப்னு நஃபீஸ் அவர்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நாம் மேடையில் பேசிவிடுகிறோம். அது சரியன்று. இரத்தம் உடல் முழுவதும் சுற்றி வருகிறது என்பதை நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, 1628இல். நுரையீரலில் இரு குழாய்களையும் இணைக்கும் தந்துகிகளை நுண்ணோக்கியில் கண்டவர் இத்தாலியின் மால்பிகி, 1661இல். இப்னு நஃபீஸ் அவர்கள் இருந்தே தீர வேண்டும் என்று சொன்ன நுண்ணிய வழிகள் இவைதாம். உயிர்வளி என்ற ஒன்று தனியே அறியப்பட்டது 18ஆம் நூற்றாண்டில்தான்.

காற்றும் இரத்தமும் கலக்கின்றன என்று அவர்கள் எழுதியது எப்படி நடக்கிறது என்பதை இன்று விவரமாகவே அறிவோம். நுரையீரலில் கோடிக்கணக்கான சிறு காற்றுப்பைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் தந்துகிகள் வலைபோல் சூழ்ந்திருக்கின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள சவ்வு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. ஓய்வாக இருக்கும்போது ஒரு சிவப்பணு அந்த இடத்தைக் கடக்க ஒரு வினாடிகூட ஆவதில்லை. அதற்குள் உயிர்வளி ஏறிவிடுகிறது, கரிவளி இறங்கிவிடுகிறது.

உயிர்வளி நீரில் எளிதில் கரைவதில்லை. வெறும் நீர்மமாக இருந்தால் ஒரு லிட்டர் இரத்தம் ஏறத்தாழ 3 மில்லிலிட்டர் உயிர்வளியைத்தான் சுமக்கும். உண்மையில் அது சுமப்பதோ ஏறத்தாழ 200 மில்லிலிட்டர். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின். ஒரு சிவப்பணுவில் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள். ஒவ்வோர் இரும்பும் ஓர் உயிர்வளி மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். உடலில் இரும்புச்சத்து குறைந்தால் நம் பெண்கள் மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். நுரையீரலில் காற்று இருக்கிறது. சுமந்து செல்லத்தான் ஆள் குறைவு.

திரும்பும் வழியில் கரிவளி வருகிறது. அதற்கு மூன்று வழிகள். பெரும்பகுதி, அதாவது நூற்றுக்கு 70 அளவில், சிவப்பணுவுக்குள் நீரோடு சேர்ந்து பைகார்பனேட்டாக மாறி இரத்த நீரில் செல்கிறது. 20 அளவில் ஹீமோகுளோபினிலேயே ஒட்டிக்கொள்கிறது. உயிர்வளி அமரும் இரும்பில் அல்ல, வேறோர் இடத்தில். மீதி அப்படியே கரைந்து வருகிறது. நுரையீரலை அடைந்ததும் எல்லாம் மீண்டும் வாயுவாகி, மூச்சில் வெளியேறுகிறது.

இன்னும் ஒன்று. உழைக்கும் தசையில் கரிவளி கூடுகிறது. அது கூடியதும் ஹீமோகுளோபின் தன் பிடியைத் தளர்த்தி, அங்கே அதிக உயிர்வளியை இறக்கிவிடுகிறது. டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் 1904இல் இதை வெளியிட்டார். எங்கே தேவை அதிகமோ அங்கே அதிகம் கொடுக்கும் இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போது, படைத்தவனின் வல்லமையை நினைத்து ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இறுதி நாட்கள்

1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் மாபெரும் மருத்துவமனை ஒன்றைக் கட்டினார். ஏழை, பணக்காரர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி இலவசமாகச் சிகிச்சை தரும் வக்ஃபாக அது அமைந்தது. அந்த வளாகத்தின் கட்டடங்கள் இன்றும் கெய்ரோவின் முஇஸ் வீதியில் நிற்கின்றன.

ஹிஜ்ரி 687இல் இப்னு நஃபீஸ் அவர்கள் நோயுற்றார்கள். ஆறு நாட்கள் படுக்கையில் இருந்தார்கள். உடனிருந்த மருத்துவர்கள், இந்த நோய்க்கு ஏற்ற மருந்தென்று சிறிது மது அருந்தச் சொன்னார்கள். உடலுக்குள் மதுவின் ஒரு துளியோடு தம் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். துல்கஅதா மாதம் 21ஆம் நாள், வெள்ளிக்கிழமை, கி.பி. 1288 டிசம்பர் 17இல் வஃபாத்தானார்கள். ஹிஜ்ரிக் கணக்கில் ஏறத்தாழ எண்பது வயது. தம் வீட்டையும் நூல்களையும் கலாவூன் மருத்துவமனைக்கே எழுதி வைத்திருந்தார்கள்.

மறதியும் மீட்பும்

அந்த விரிவுரையைப் படித்த ஓரிருவர் அதன் பின்னரும் இருந்தார்கள். ஆனால் இதயத்தின் சுவரைப் பற்றி அவர்கள் எழுதியது மருத்துவக் கல்வியில் நிலைபெறவில்லை. சுருக்கமான மூஜஸ் கைக்குக் கை மாறியது. விரிவுரை அலமாரியில் தங்கியது. ஐரோப்பாவில் 1553இல் செர்வீட்டஸும், 1559இல் கொலம்போவும் நுரையீரல் வழியான ஓட்டத்தைப் பற்றி எழுதினார்கள். இப்னு நஃபீஸ் அவர்களின் கருத்து அவர்களை எட்டியிருக்குமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

1924இல் முஹ்யித்தீன் அத்ததாவீ என்ற எகிப்திய இளைஞர் ஜெர்மனியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். பெர்லின் நூலகத்தில் இருந்த அந்தக் கையெழுத்துப் பிரதியைத் திறந்து படித்து, அதையே தம் ஆய்வேடாக எழுதினார். கெய்ரோவில் வாழ்ந்த ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் மேயர்ஹோஃப் அதை உலகறியச் செய்தார். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் மூடிக் கிடந்த பக்கத்தைத் திறந்தவர் ஒரு மாணவர்.

இப்னு நஃபீஸ் அவர்களின் வரலாற்றில் நமக்குப் பெருமை உண்டு. வருத்தமும் உண்டு. எழுதியது நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர், அரபியில் எழுதினார், பிரதிகளும் இருந்தன. படிக்க ஆளில்லாமல்தான் போயிற்று. அவர்களின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவது மட்டும் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. நம் வீட்டில் மருத்துவம் படிக்கும் மகளும், ஹிஃப்ளு ஓதும் மகனும் வெவ்வேறு பாதையில் போகிறார்கள் என்று எண்ணாமல் இருப்பது, பிள்ளை எழுந்து கேள்வி கேட்டால் அதட்டி உட்கார வைக்காமல் இருப்பது, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்வது, இவையே அவர்களைப் பின்பற்றுவது.

இம்மலரும் சில நாட்களில் நம் வீட்டு அலமாரிக்குப் போய்விடும். என்றாவது ஒரு நாள் நம் பேரப்பிள்ளைகளில் ஒருவர் அதைத் திறந்து படித்து, இதில் இது சரியில்லையே என்று ஆதாரத்தோடு ஒரு வரியைத் திருத்தினால், நாம் கோபிக்க மாட்டோம். அல்ஹம்துலில்லாஹ் என்போம்.

அல்லாஹ் இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்களின் கல்விப் பணியை ஏற்று, அதை ஓயாத நன்மையாக ஆக்குவானாக. நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன்.